பெல்ட், பர்ஸ் வேலைக்கு எந்தக் காண்டாக்ட் பசை பொருந்தும்?

இரட்டையூசி (சென்னை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, கைத்தையலில் பெல்ட்டுகளும் பர்ஸுகளும் செய்து விற்று வருகிறேன். மேல்தோலுக்குப் பெரியமேட்டில் கிடைக்கும், பட்டையில் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலையும், உட்புறத்துக்குப் குரோம் உப்பில் பதனிட்ட பளபளப்பான ஆட்டுத்தோலையும் பயன்படுத்துகிறேன். இரண்டையும் ஒட்டிய பிறகு ஓரத்தைச் சுற்றித் தைக்கிறேன்.

தையலில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சில பெல்ட்டுகளில் ஓரத் தையல் அப்படியே இருக்க, நடுவில் உள்தோல் மட்டும் பிரிந்து புடைத்துக்கொள்கிறது. பக்கிளுக்காக மடங்கும் இடத்தில்தான் இது முதலில் தெரிகிறது. பிளைவுட் கடையில் டின்னில் விற்கும் மஞ்சள் சொல்யூஷனைத்தான் இதுவரை பூசி வருகிறேன். மரவேலைக்கான வெள்ளைப் பசையே போதும் என்கிறார் ஒருவர். பாலியூரித்தேன் பசைக்கு மாறச் சொல்கிறார் இன்னொருவர். தண்ணீர் கலந்த காண்டாக்ட் பசை (இரண்டு பக்கமும் பூசிக் காயவிட்டு ஒட்டும் பசை) வந்துவிட்ட பிறகு எதற்காக இந்த நாற்றத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்கிறார் மூன்றாமவர். வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் கடைசியாகச் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த வேலைக்கு எது பொருந்தும், அதை எப்படிப் பூச வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


சோல்பிரஸ் (ஆம்பூர்) எழுதியது:

வணக்கம். ஷூ தொழிற்சாலையின் ஒட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பசையை மாற்றுவதற்கு முன், பிரிந்த பெல்ட் ஒன்றின் தையலை அறுத்து, இரண்டு தோல்களையும் முழுவதுமாகப் பிரித்து, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டு எங்கே தோற்றது என்பதைப் பிரிந்த முகங்களே காட்டிவிடும். பசைப் படலம் முழுவதும் ஒரு தோலோடு போயிருந்து, மற்றத் தோல் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தால், அந்த வெறுமையான முகத்தைப் பசை பிடிக்கவே இல்லை என்று பொருள். எந்த டின்னை வாங்கினாலும் அந்த முகத்தைச் சரிசெய்யாமல் பயனில்லை. இரண்டு தோல்களிலும் தனித்தனியாகப் படலம் இருந்து, இரண்டும் வழவழவென்று மின்னினால், பூசிய பிறகு நெடுநேரம் காயவிட்டுவிட்டீர்கள், அல்லது அழுத்தம் போதவில்லை. படலம் நூல் நூலாக இழுபட்டு இரண்டு பக்கமும் கிடந்தால், கரைப்பான் முழுவதும் ஆவியாகும் முன்பே ஒட்டியிருக்கிறீர்கள், அல்லது தோலில் உள்ள எண்ணெய் பசைக்குள் ஏறி அதை இளக்கியிருக்கிறது. பிரிக்கும்போது தோலின் நாரே பிய்ந்து வந்தால் அதுதான் நல்ல ஒட்டு. அதற்கு மேல் எந்தப் பசையாலும் எதுவும் செய்ய முடியாது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், உங்கள் உள்தோல் மேல்தான் எனக்குச் சந்தேகம். குரோம் ஆட்டுத்தோலின் பளபளப்பு தோலுடையது அன்று; அதன்மேல் தெளித்த நிறமியும் பிசினும் கொண்ட பூச்சுடையது. மேல்முகத்தில் பசை பூசும் இடங்களில் பசை பிடிப்பது அந்தப் பூச்சைத்தான். பூச்சு உரியும்போது பசையும் உடன் வந்துவிடும். மேல்முகம் ஒட்டப்படும் எந்த இடத்திலும், அதாவது பக்கிளுக்கு மடித்து ஒட்டும் முனையிலும், பர்ஸில் ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டு ஏறும் ஓரங்களிலும், ஒட்டும் அகலத்துக்கு மட்டும் கோடு கிழித்துக்கொண்டு, 80ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போய் நார் எழும்பும் வரை தேய்க்க வேண்டும். தேய்த்த தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிடாமல் பசை பூசினால், பசை தூளைத்தான் ஒட்டும், தோலை அன்று. எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் பழகுவது இந்த உரசும் வேலையைத்தான்; பசைப் பிரஷ் அதற்குப் பிறகுதான் கைக்கு வரும்.

தோலின் பின்பக்கமான சதைப்புறத்தில் சிக்கல் வேறு. அங்கே நார் தளர்வாக இருந்தால், பசை அந்தத் தளர்ந்த நாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், நாரோ தோலிலிருந்து கழன்று வரும். ஆகவே மெலிதாகச் சீவி, இறுகிய நார் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். ஈ.ஐ. தோலின் சதைப்புறம் பசையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், முதல் பூச்சு சற்று நீர்த்ததாக இருந்து நாருக்குள் இறங்கிக் காய வேண்டும். இரண்டாவது பூச்சுதான் ஒட்டுவதற்கான படலம். நீர்க்கச் செய்யப் பசைத் தயாரிப்பாளர் விற்கும் தின்னரையே பயன்படுத்துங்கள். பெயின்ட் தின்னரோ பெட்ரோலோ ஊற்றினால் பசை திரிந்துபோகும்.

இப்போது பசைக்கு வருவோம். பிளைவுட் கடையில் கிடைக்கும் மஞ்சள் சொல்யூஷன், ஃபெவிக்கால் எஸ்.ஆர். 998 போன்றவை உட்பட, பெரும்பாலும் செயற்கை ரப்பர் வகையைச் சேர்ந்தது. பட்டைத் தோலுக்கும், பூச்சு நீக்கிய குரோம் தோலுக்கும் இது நன்றாகவே பிடிக்கும். நீங்கள் என்றாவது உட்புறத்துக்கு ரெக்ஸின் (பி.வி.சி. பூசிய செயற்கைத் தோல்) போட நினைத்தால் மட்டும் இதை நம்ப வேண்டாம். பி.வி.சி. மென்மையாக இருப்பதற்காக அதில் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மெல்லப் பசைக்குள் ஏறி, சில மாதங்களில் அதைக் கூழாக்கிவிடும். அந்த வேலைக்குப் பாலியூரித்தேன் பசைதான் தகும். எண்ணெயும் மெழுகும் ஊறிய புல்-அப் தோலுக்கும் அப்படியே: அசிட்டோனால் துடைத்து, உரசி, உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வருவதற்குள் கடினமாக்கி (ஹார்டனர்) கலந்த பாலியூரித்தேன் பசையைப் பூசிவிட வேண்டும். கடினமாக்கி கலந்த பசை சில மணி நேரத்துக்குள் கெட்டியாகிவிடும் என்பதால் வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள். பாலியூரித்தேன் படலத்தைச் சூடேற்றி ஒட்டினால்தான் முழு வலுவும் கிடைக்கும். தொழிற்சாலையில் அதற்கென்றே சூடேற்றும் பெட்டி உண்டு. சாதாரண ஈ.ஐ. தோல் பெல்ட்டுக்கு இத்தனை சிரமம் தேவையில்லை என்பது என் கருத்து.

பூசும் முறையில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு முகங்களிலும் மெல்லியதாகப் பூசி, விரலின் பின்புறத்தால் தொட்டால் பசை விரலில் வராமலும், ஆனால் லேசாக இழுப்பதுபோலவும் இருக்கும் நேரத்தில் ஒட்டுங்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள், வெயில் நாளில் பத்து நிமிடத்தில் வரும் பதம், மழை நாளில் இருபது நிமிடம் ஆனாலும் வராது. அடுத்தது, மேலே பாரம் ஏற்றி இரவு முழுவதும் வைத்திருப்பதைவிட, ஒட்டியவுடன் வழவழப்பான தலையுள்ள சுத்தியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நன்றாகத் தட்டுவதே இந்தப் பசைக்கு வேண்டியது. அழுத்தத்தின் வலுதான் படலங்களைச் சேர்க்கிறது, நேரம் அன்று. பக்கிள் மடிப்பில், பெல்ட்டைத் தட்டையாக வைத்து ஒட்டிவிட்டுப் பிறகு மடித்தால் உள்தோல் மிஞ்சிப்போய்ப் புடைத்துக்கொள்ளும். ஆகவே மேல்தோலை மடித்த நிலையில் பிடித்துக்கொண்டு, உள்தோலை அந்த வளைவின்மேல் படியவிட்டு ஒட்டுங்கள். உங்கள் பெல்ட் முதலில் அந்த இடத்திலேயே பிரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.


பல்படி (திருச்சி) எழுதியது:

சோல்பிரஸ் ஐயா சொன்ன செய்முறைகள் அனைத்தும் சரி. அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதைச் சற்று விளக்குகிறேன். காரணம் தெரிந்தால் புதிய டின் ஒன்றைக் கையில் எடுக்கும்போது நாமே முடிவு செய்ய முடியும்.

மஞ்சள் சொல்யூஷனில் இருப்பது பெரும்பாலும் பாலிகுளோரோபிரீன், அதாவது நியோபிரீன். 1930இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழுவின் ஆய்வில் பிறந்த ரப்பர் அது. கரைப்பான் போன பிறகு இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அடுக்காகப் படிகமாவதால்தான், ஒட்டியவுடனேயே, இன்னும் முழுவதும் இறுகாத நிலையிலும், கையால் பிரிக்க முடியாத பிடிப்பு வருகிறது. இரண்டு பக்கமும் பூச வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே: காய்ந்த ஒரு படலத்தின் சங்கிலிகள் மற்றப் படலத்துக்குள் ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. நெடுநேரம் காயவிட்டால் படிகமாதல் முற்றிவிடுவதால் பின்னுவதற்கு இடம் இருக்காது. மெல்லச் சூடேற்றினால் படிகங்கள் உருகி, படலம் மீண்டும் ஒட்டும் நிலைக்கு வரும். ஆகவே நேரம் தவறிய ஒட்டை உரித்துப் போட வேண்டியதில்லை.

குழந்தை இருக்கும் வீடு என்று சொன்னீர்கள். இந்த இடத்தில் நான் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன். கரைப்பான் பசைகளில் டொலுயீன், ஹெக்ஸேன், அசிட்டோன், எத்தில் அசிட்டேட் போன்றவை வெவ்வேறு சேர்மானத்தில் இருக்கும். இவற்றுள் ஹெக்ஸேன் உடலுக்குள் 2,5-ஹெக்ஸேன்டையோன் என்னும் பொருளாக மாறி, கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளைச் சேதப்படுத்துகிறது. 1960களில் ஜப்பானில், வீட்டிலேயே இருந்துகொண்டு செருப்பு ஒட்டிய தொழிலாளர்கள் பலருக்குக் கால் மரத்துப்போய் நடை தளர்ந்ததற்குக் காரணம் பசையில் இருந்த ஹெக்ஸேனே என்று கண்டறியப்பட்டது. இஸ்தான்புல் காலணித் தொழிலாளர்களிடையே இரத்தப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதை, அவர்கள் பயன்படுத்திய பசையில் இருந்த பென்சீனோடு தொடர்புபடுத்தி முசாஃபர் அக்சோய் என்னும் மருத்துவர் 1970களில் எழுதினார். இவர்களில் பலர் காற்றோட்டமில்லாத சிறு அறைகளில், நாள் முழுவதும் பசையோடு இருந்தவர்கள். வாரத்தில் சில பெல்ட்டுகள் செய்பவரின் நிலை அவ்வளவு மோசமானது அன்று; ஆனால் அறை சிறியதாகவும் மூடியதாகவும் இருப்பதில் வேறுபாடு இல்லை என்பதை மறக்கக் கூடாது.

மூக்கை மூடும் துணியோ என்-95 முகமூடியோ தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரித்தூள் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து செல்லும். தரையில் தவழும் குழந்தை, உட்கார்ந்து வேலை செய்யும் உங்களைவிட அதிகமாக அதைச் சுவாசிக்கும். அதே காரணத்தால் பக்கத்து அறையில் எரியும் விளக்கோ கேஸ் அடுப்போ கூட ஆபத்தானது. ஒரு பொறி பட்டாலே டொலுயீனின் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ். அதாவது நம் ஊரில் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் அது பற்றிக்கொள்ளத் தயாராகவே இருக்கிறது. படலத்தைச் சூடேற்ற ஹேர் டிரையரைப் பயன்படுத்துபவர்கள், வாசனை முற்றிலும் போன பிறகு, பசை டின்னை மூடி வேறு அறையில் வைத்துவிட்டே அதை இயக்க வேண்டும். உள்ளே இருப்பது கனன்றெரியும் கம்பி.

டொலுயீன் இல்லாதது என்று லேபிளில் அச்சிட்ட பசைகளும் வருகின்றன. அமெரிக்காவின் பார்ஜ் பிராண்டில்கூடப் பழைய பசைக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று விற்கப்படுகிறது. டொலுயீன் இல்லை என்பதால் ஹெக்ஸேனும் இல்லை என்று பொருள் கொள்ளாமல், என்ன இருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.


கைத்தையல் (புதுச்சேரி) எழுதியது:

இரட்டையூசி அவர்களுக்கு, மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நம் வேலையில் பசையின் பங்கு என்ன என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. பெரும்பாலான ஷூக்களின் அடித்தளம் பசையால் மட்டுமே நிற்பது. அதற்கு வலுவின் கடைசி எல்லை வரை போக வேண்டும். மெழுகு நூலில் இரண்டு ஊசியால் தைத்த பர்ஸைத் தாங்குவது தையல். அங்கே பசை செய்வது, தைக்கும்வரை தட்டுகளை நகராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. தையல் பொருளைத் தாங்கும் இடத்தில், போதுமான அளவுக்குப் பிடிக்கும் மிக மென்மையான பசையையே நான் தேர்ந்தெடுக்கிறேன். தையல் எட்டாத பரப்பில், உங்கள் பெல்ட்டின் நடுப்பகுதியைப் போன்ற இடத்தில், அப்போதுதான் நியோபிரீனை எடுக்கிறேன்.

அதனால் பர்ஸ்களுக்குத் தண்ணீர் கலந்த காண்டாக்ட் பசையே எனக்கு வழக்கம். ஜெர்மனியின் ரெனியா நிறுவனத்தின் அக்விலிம் 315 இவ்வகையில் பலரும் அறிந்தது. இதுவும் இரண்டு பக்கம் பூசிக் காயவிட்டு ஒட்டும் பசைதான். பாலாகப் பூசியது நிறமற்றுத் தெளிந்ததும் ஒட்ட வேண்டும் என்பதால், பதம் எப்போது வரும் என்று விரலால் தேட வேண்டியதில்லை. தையல் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் பூசினால் போதும். முழுத் தட்டுக்கும் பூசிய பர்ஸ் அட்டைபோல விறைத்துப் போகிறது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது விலை கூடுதலாக வரும். ஆனால் ஓரத்துக்கு மட்டும் பூசுவதால் ஒரு புட்டி நெடுநாள் வரும்.

இந்த வகையில் ஒரு தொல்லை உண்டு, ஈ.ஐ. தோல் பயன்படுத்துபவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பட்டைத் தோலில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் நீலக்கறுப்புக் கறை படியும். கடுக்காயும் இரும்புச் சத்தும் சேர்த்து மை காய்ச்சிய அதே வினைதான் இது. தண்ணீர்ப் பசையைத் துருப்பிடித்த பிளேடால் இழுத்தாலோ, பிரஷ்ஷின் தகரப் பூணில் துரு இருந்தாலோ, வெளிர் தோலின் விளிம்பில் மறுநாள் கறுப்புப் புள்ளிகள் தெரியும். எலுமிச்சைச் சாற்றால் துடைத்தால் பெரும்பாலும் மறையும். ஆனால் ஒரு பிளாஸ்டிக் அட்டைத் துண்டால் பூசினால் அந்த வேலையே மிச்சம்.

மரவேலைக்கான வெள்ளைப் பசையைக் குறை சொல்ல மாட்டேன். அது காய்ந்தால் விறைக்கும், நனைந்தால் விடும். ஆகவே பெல்ட்டுக்கு ஆகாது. வளையாத சிறு பெட்டி, கண்ணாடிக் கூடு போன்றவற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய விளிம்பை உப்புத்தாளிட்டு மெருகேற்றும்போது, ரப்பர்ப் பசையைப் போலச் சாம்பல் கோடாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் விளிம்போடு தேய்ந்துவிடுகிறது. அம்மோனியா வாடை வரும் லேடெக்ஸ் பாலும் (ரப்பர் மரப்பால்) கடைகளில் கிடைக்கும்; இயற்கை ரப்பரைச் செம்பு சிதைத்துவிடும் என்பதால், செம்பு அல்லது பித்தளை ரிவெட் அடிக்கும் இடத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.


இரட்டையூசி (சென்னை) எழுதியது:

விரிவான விடைகளுக்கு மிக்க நன்றி. சோல்பிரஸ் ஐயா சொன்னபடி ஒரு பெல்ட்டைப் பிரித்துப் பார்த்தேன். பக்கிள் முனையில், உள்தோலின் மேல்முகம் மடிந்து ஒட்டும் இடத்தில், பசை முழுவதும் ஒரு பக்கமாக வந்து, கூடவே கருநிறப் பூச்சும் சிறு செதில்களாக அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே உப்புத்தாள் போடுவதே தீர்வு என்று புரிகிறது. ஆனால் பெல்ட்டின் நடுவில் இரண்டு பக்கமும் சதைப்புறம்தான். அங்கே இரண்டிலும் படலம் இருக்கிறது, இரண்டும் மின்னுகின்றன. நன்றாகக் காயவிட்டுத்தான் ஒட்டுகிறேன். கடந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செய்த பெல்ட்டுகளில்தான் இது கூடுதலாக இருக்கிறது. மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கைத்தையல் அவர்கள் சொன்னபடி பர்ஸ்களைத் தண்ணீர்ப் பசைக்கு மாற்றிக்கொள்ளப் போகிறேன்; பெல்ட்டுகளுக்கு மட்டும் மொட்டைமாடியில் நிழலான இடத்தில் பூசலாமா?


சோல்பிரஸ் (ஆம்பூர்) எழுதியது:

நிச்சயம் தொடர்பு உண்டு. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பசைப் பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாளில் அந்தக் குளிர்ந்த பரப்பின்மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீர் படியும். சாய்த்துப் பார்த்தால் படலம் மின்னாமல் மூச்சு விட்ட கண்ணாடிபோல மங்கியிருக்கும். அந்த ஈரத்தின்மேல் ஒட்டினால் படலங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. பின்னர் ஈரம் தோலுக்குள் போய்விடுவதால் பிரித்துப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் மின்னும். ஈரம் போகட்டும் என்று மேலும் காத்திருந்தால், பல்படி அவர்கள் சொன்ன படிகமாதல் முற்றிவிடுகிறது. மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் இப்படி மாட்டிக்கொள்வது வழக்கமானதே.

மழை நாள்களில் இப்படிச் செய்து பாருங்கள். முதல் நாள் மாலையே இரண்டு பூச்சும் பூசி, தூசி படாமல் இரவு முழுவதும் காயவிடுங்கள். மறுநாள் வாசனை ஏதும் இல்லாத அறையில், ஒட்டும் பகுதியை மட்டும் ஹேர் டிரையரால் சூடேற்றி, கையில் இதமான சூடு தெரியும்போதே ஒட்டித் தட்டிவிடுங்கள். பெல்ட் நீளமானது என்பதால் ஒரே மூச்சில் முழுவதையும் சூடாக்காமல், ஒரு சாண் ஒரு சாணாக முன்னேறுங்கள். சூடு பட்ட ஈ.ஐ. தோல் எண்ணெய் கசிந்து கருத்துப்போகக் கூடும் என்பதால் டிரையரை ஓர் இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத் தையலை மறுநாளுக்குத் தள்ளிப் போடுங்கள். பசை முழுவதும் இறுக ஒரு நாளாவது ஆகும், அதற்குள் குத்தினால் ஊசியில் பிசின் ஏறி நூலைப் பிடித்து இழுக்கும்.

மொட்டைமாடி நல்ல இடம்தான், நேர் வெயிலும் புழுதிக் காற்றும் மட்டும் ஆகாது. வெயிலில் பூசினால் மேலே ஆடை கட்டி, அடியில் கரைப்பான் சிக்கிக்கொள்ளும். பெரிய டின்னிலிருந்து வேண்டிய அளவைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக்கொண்டு மாடிக்குப் போங்கள். திறந்த டின் நீர்த்தன்மை இழந்து பாகாகிவிட்டால், மெல்லிய பூச்சு என்பதே முடியாத காரியம். டின்னின் வாய் விளிம்பில் வழிந்த பசையை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லையென்றால் மூடியே ஒட்டிக்கொண்டு அடுத்த முறை ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டியிருக்கும். நெம்பி வளைந்த மூடி அதன் பிறகு காற்றைத் தடுக்காது.